கிரீம் போட்டுக் கறுத்த முகத்துக்கு லேசர் செய்யலாமா?

நாலு வருடம் சிவப்பழகு கிரீம் பூசிக் கன்னம் கறுத்துவிட்டது, லேசர் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உடனே வேண்டாம். முதலில் டியூபைத் திருப்பி, பொடி எழுத்தில் ஹைட்ரோகுவினோன், மொமெட்டசோன் என்று இருக்கிறதா பாருங்கள். முதலாவது தோல் நிறத்தை வெளுக்க வைக்கும் மருந்து. இரண்டாவது ஒரு ஸ்டீராய்டு மருந்து, அதைத் திடீரென நிறுத்தினால் முகம் சிவந்து எரியலாம். தோல் மருத்துவரிடம் கேட்டு நிறுத்துங்கள்.

ஹைட்ரோகுவினோனை வருடக்கணக்கில் பூசினால் சிலருக்குக் கன்ன எலும்பின் மேல் நீலமும் சாம்பலும் கலந்த கறுப்பு படியும். ஓக்ரோனோசிஸ் என்பார்கள். நிறம் தோலின் ஆழத்தில் இருப்பதால் அவ்வளவு ஆழம் போகும் 1064 நானோமீட்டர் அலைநீள க்யூ-ஸ்விட்ச்டு லேசரை, அதாவது மிகக் குறுகிய துடிப்புகளாக ஒளி பாய்ச்சும் லேசரை, பல தடவை கொடுப்பார்கள். மங்கும், முழுதாகப் போவது அரிது. நம் மாநிறத் தோலில் சூடு கூடினால் புதுக் கறுப்பு வேறு வரும், அதுதான் சிக்கல். காதோரம் சின்ன இடத்தில் முதலில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.