பழைய முறிவும் கணுக்கால் தேய்மானமும்: கேள்வி பதில்

கேட்டவர்களுக்கு முதலில் ஒன்று: நான் பிசியோதெரபிஸ்ட், எலும்பு டாக்டர் இல்லை. 2004ல் பைக்கிலிருந்து விழுந்து என் வலது கணுக்கால் முறிந்தது. பிளேட் வைத்து நன்றாகத்தான் நடந்தேன். பத்து வருடம் கழித்து அதே மூட்டில் தேய்மானம் வந்தது. படித்ததோடு பட்டதையும் சேர்த்தே இங்கே சொல்கிறேன்.

லாரி ஓட்டுநர், நாமக்கல், வயது 39: அண்ணா, 2012ல் இடது கணுக்கால் முறிந்து பிளேட் வைத்தார்கள். இப்போது காலையில் ஊன்றும்போது இறுக்கம், சாயங்காலம் வீக்கம், கிளட்ச் மிதித்தால் வலி. தேய்மானம் என்கிறார்கள். இந்த வயதிலேயா?

ஆமாம் தம்பி, இந்த வயதிலேயே வரும். முட்டித் தேய்மானம் பெரும்பாலும் வயதோடு வருவது. கணுக்கால் அப்படி இல்லை. தேய்ந்த கணுக்கால்களில் பத்துக்கு ஏழு, பழைய முறிவாலோ திரும்பத் திரும்பப் பட்ட சுளுக்காலோ தேய்ந்தவை. அதனால் முட்டிவலிக்கு யாரோ சொன்ன யோசனையை அப்படியே கணுக்காலுக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கெண்டைக்காலின் இரண்டு எலும்புகளும் கீழே வந்து கவட்டை மாதிரி பிடிக்க, நடுவில் தாலஸ் என்ற எலும்பு உட்கார்ந்திருக்கிறது. அதன் மேலுள்ள குருத்தெலும்பு ஒன்றரை மில்லிமீட்டர் கனம் இருந்தாலே அதிகம். நடக்கும்போது உடல் எடையைப் போல நான்கைந்து மடங்கு சுமை அதன்மேல் இறங்குகிறது. தாலஸ் 1 மி.மீ. வெளிப்பக்கம் நகர்ந்தாலே எலும்புகள் ஒன்றையொன்று தொடும் பரப்பு 42 சதவீதம் குறைகிறது என்று 1976லேயே அளந்து காட்டினார்கள். எலும்பு ஒட்டிய பிறகும் அந்தச் சின்ன விலகல் மிச்சமிருந்தால், அதே சுமை சின்ன இடத்தில் வருடக்கணக்காக இறங்கும். விழுந்த அடியிலேயே குருத்தெலும்பின் செல்கள் கொஞ்சம் செத்திருக்கவும் வாய்ப்புண்டு. நீங்கள் கவனமாக இருக்கவில்லை என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

செய்ய வேண்டியது: எக்ஸ்ரேவை நின்றபடி எடுக்கச் சொல்லுங்கள். படுத்து எடுத்தால் மூட்டின் இடைவெளி இருப்பதைவிட நன்றாகத் தெரிந்து ஏமாற்றிவிடும். கேபினிலிருந்து குதிக்கவே கூடாது. வண்டியைப் பார்த்தபடி திரும்பி, கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக இறங்குங்கள். வண்டி ஓட்டாத நேரத்தில் பட்டை வைத்த ஆங்கிள் சப்போர்ட் போடுங்கள். இராத்திரி கால்மாட்டில் இரண்டு தலையணை.

அப்புறம் ஒன்று. கால் வளையவில்லையே என்று தினமும் குத்தவைத்து உட்கார்ந்து அழுத்திப் பழகுகிறவர்கள் நிறைய. மூட்டின் முன்பக்கம் எலும்பு முளைத்திருந்தால் அந்த அழுத்தம் வலியைத்தான் கூட்டும். முடிந்தவரை வெஸ்டர்ன் டாய்லெட்டுக்கு மாறுங்கள்.

ஆசிரியை, திருச்சி, வயது 53: நாள் முழுக்க நிற்கிற வேலை. மெத்தென்ற செருப்பு வாங்கினேன், வலி குறையவில்லை. வீட்டில் வெறுங்காலோடுதான் நடக்கிறேன்.

அக்கா, மெத்தென்று இருப்பது போதாது. தேய்ந்த கணுக்காலுக்கு வளைவதுதான் வலி. கால் வளைய வேண்டிய இடத்தில் செருப்பின் அடிப்பாகம் உருள வேண்டும். அடிப்பாகம் வளையாமல் கெட்டியாக, முன்பக்கம் படகு மாதிரி மேலே தூக்கியிருப்பதை ராக்கர் சோல் என்பார்கள். கடையில் செருப்பைக் கையில் எடுத்து நடுவில் மடக்கிப் பாருங்கள். சுலபமாக மடங்கினால் வேண்டாம். பின்பக்கம் வார் இருக்க வேண்டும். ஹவாய் செருப்பு கழன்றுவிடாமல் இருக்க விரல்கள் ஒவ்வொரு அடிக்கும் இறுக்கிப் பிடிக்கும், கணுக்காலும் அதோடு திணறும்.

கடையில் கிடைக்காவிட்டால், செயற்கைக் கால் செய்யும் இடங்களில் உங்கள் ஷூவிலேயே ராக்கர் ஒட்டித் தருவார்கள். வீட்டுக்குள் போட ஒரு ஜோடி தனியாக வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மாத்திரையைவிட அதிகம் உதவியது இதுதான்.

ஓய்வு பெற்றவர், வேலூர்: கைத்தடி எந்தக் கையில்?

வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற காலும் தடியும் முதலில்.

இல்லத்தரசி, விழுப்புரம், வயது 47: பௌர்ணமிதோறும் கிரிவலம் போவேன். வீட்டில் இனி போகவே கூடாது என்கிறார்கள்.

உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது அம்மா. பாதை கிட்டத்தட்ட 14 கிலோமீட்டர், அதுவும் வெறுங்காலோடு. மாதாமாதம் வேண்டாம். வருடத்தில் ஒருமுறை என்றால் ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் நடந்து தூரத்தைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். கனமான காலுறையும் அதன்மேல் சப்போர்ட்டும் போடுங்கள். எட்டு லிங்கத்திலும் கால் நீட்டி உட்கார்ந்து எழுந்து போங்கள். மறுநாள் காலையிலும் வீக்கம் வடியாமல் இருந்தால், அடுத்த முறை பாதித் தூரம் போதும்.

கடை வைத்திருப்பவர், ஈரோடு: என் ரத்தத்தையே எடுத்துப் பிரித்து மூட்டில் ஊசி போட்டால் குருத்தெலும்பு வளரும் என்கிறார்கள். போடலாமா?

பிஆர்பி ஊசியைச் சொல்கிறீர்கள். நெதர்லாந்தில் கணுக்கால் தேய்மானம் உள்ள 100 பேரிடம் சோதித்து 2021ல் முடிவை வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு பிஆர்பி, பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேற்றம். நானாக இருந்தால் அந்தப் பணத்தில் நல்ல ஷூவும் பிசியோவும் பார்ப்பேன். ஸ்டீராய்டு ஊசி வலியைக் கொஞ்ச காலம் அடக்கும், அவ்வளவுதான். வலி மாத்திரையை மருந்துக்கடையில் கேட்டு மாதக்கணக்கில் விழுங்காதீர்கள், சிறுநீரகமும் வயிறும் தாங்காது.

விவசாயி, தேனி, வயது 58: மூட்டை அசையாமல் ஒட்டிவிடலாம் என்கிறார் டாக்டர். மகன் மாற்று மூட்டு வைக்கலாம் என்கிறான்.

ஐயா, இரண்டும் நல்ல அறுவை சிகிச்சைதான். இங்கிலாந்தில் 50 வயதைத் தாண்டியவர்களிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2022ல் வெளியிட்டார்கள். ஒரு வருடம் கழித்து இரண்டு தரப்பும் நன்றாகத் தேறியிருந்தார்கள், பெரிய வித்தியாசம் இல்லை. வரப்பில் நடந்து, சுமை தூக்குகிற உங்களுக்கு ஒட்டுவதே ஏற்றது என்று எனக்குப் படுகிறது. ஒட்டினால் மரக்கட்டை ஆகிவிடும் என்று பயப்படாதீர்கள். பாதத்தின் மற்ற மூட்டுகள் கொஞ்சம் அசைந்து கொடுக்கும். ஆனால் அந்த மூட்டுகளுக்குப் பின்னாளில் தேய்மானம் வரலாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பீடி குடித்தால் இப்போதே நிறுத்துங்கள். புகைப்பவர்களுக்கு எலும்பு ஒட்டாமல் போகும் ஆபத்து அதிகம்.

பெயர் சொல்லாதவர், மதுரை: 15 வருடமாகச் சர்க்கரை. முன்பு முறிந்த கணுக்கால் ஒரு வாரமாகச் சிவந்து வீங்கிச் சூடாக இருக்கிறது. வலி அவ்வளவாக இல்லை, அதனால் நடந்துகொண்டுதான் இருக்கிறேன்.

நடப்பதை இப்போதே நிறுத்துங்கள். சர்க்கரையால் கால் மரத்துப் போயிருந்தால் வலி தெரியாது. உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம், சார்கோட் பாதம் என்பார்கள். சீழ் பிடித்திருக்கவும் கூடும். தேய்மானம் என்று எண்ணித் தைலம் தடவவோ ஒத்தடம் கொடுக்கவோ வேண்டாம். இன்றைக்கே யாரையாவது கூட்டிக்கொண்டு, அந்தக் காலை ஊன்றாமல், மருத்துவமனைக்குப் போங்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று இங்கே வந்து எழுதுங்கள், காத்திருக்கிறேன்.