உரிமை முடிந்த பழைய அறிவியல் நூல்கள், அறிபுனைகள் (அறிவியல் புனைகதைகள்): கேள்வி பதில்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி (ஊத்தங்கரை, கல்லூரி மாணவி): ஒரு புத்தகத்துக்குப் பதிப்புரிமை முடிஞ்சிருச்சான்னு எப்படி சார் தெரிஞ்சுக்கிறது?

பதில்: ஆசிரியர் இறந்த ஆண்டோடு 60 கூட்டுங்கள். வரும் ஆண்டின் டிசம்பர் 31 வரை இந்தியாவில் உரிமை உண்டு. மறுநாளிலிருந்து புத்தகம் பொதுவுடைமை. அறிபுனை எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1946இல் இறந்தார், அதனால் 2007 ஜனவரி 1 முதல் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். ஜகதீஷ் சந்திர போஸ் 1937இல் இறந்தார். அவர் நூல்கள் எப்போதோ விடுபட்டுவிட்டன. சி.வி. ராமன் 1970இல் இறந்ததால் 2030 முடியும்வரை காத்திருக்க வேண்டும். ஆசிரியர் இறந்த பிறகு முதன்முறையாக வெளிவந்த நூலுக்கும், பெயர் தெரியாதவர் எழுதிய நூலுக்கும் வெளிவந்த ஆண்டிலிருந்து 60.

அமெரிக்காவில் பழைய நூல்களுக்கு, வெளிவந்த ஆண்டிலிருந்து 95 ஆண்டு என்பது கணக்கு. பழைய நூல்களை இலவசமாகத் தரும் குட்டன்பர்க் இணையதளம் பின்பற்றுவது அதைத்தான். ஆகவே ராமன் 1920களில் எழுதியது அமெரிக்கத் தளத்தில் சட்டப்படி கிடைக்கும், ஆனால் நீங்கள் இங்கே அச்சடித்து விற்க முடியாது. இதற்கு நேர் எதிரான உதாரணம் உயிரியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன். 1964 டிசம்பரில் புவனேஸ்வரத்தில் இறந்தார். 2025 ஜனவரி முதல் அவருடைய நூல்கள் இந்தியாவில் பொதுவுடைமை. பிரிட்டனில் 70 ஆண்டுக் கணக்கு, அதனால் 2034 முடியும்வரை அங்கே விற்கக் கூடாது. தமிழில் மொழிபெயர்க்க ஆள் தேடிக்கொண்டிருக்கும் பதிப்பாளர்கள் முதலில் எடுக்க வேண்டியவர் ஹால்டேன்தான். பொதுமக்களுக்கு அறிவியல் எழுதியவர்களில் அவ்வளவு தெளிவாக எழுதியவர்கள் குறைவு.

கேள்வி (காவேரிப்பட்டணம்): சுஜாதாவோட அறிவியல் கதைகள் பிடிஎஃப் லிங்க் அனுப்ப முடியுமா?

பதில்: முடியாது. அவர் 2008இல் மறைந்தார். 2068 முடியும்வரை உரிமை இருக்கிறது. நூலகத்தில் எடுத்துப் படியுங்கள், அல்லது வாங்குங்கள்.

கேள்வி (கிருஷ்ணகிரி): காரெல் சாப்பெக்கின் 'ஆர்.யு.ஆர்.' நாடகத்தை ஆங்கிலம் வழியாகத் தமிழில் கொண்டுவர ஆசை. 1920இல் வந்த நாடகம், ஆசிரியர் 1938லயே இறந்துட்டார். தடை எதுவும் இல்லையே?

பதில்: இருக்கிறது. சாப்பெக் செக் மொழியில் எழுதிய மூலத்துக்குத் தடை இல்லை. நீங்கள் கையில் வைத்திருப்பது அநேகமாக பால் செல்வரின் 1923 ஆங்கில வடிவம். மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு, அதற்கும் மொழிபெயர்ப்பாளர் இறந்த ஆண்டுதான் கணக்கு. செல்வர் இறந்தது 1970. அவருடைய ஆங்கிலத்திலிருந்து செய்தால் 2030 முடியும்வரை அனுமதி வாங்க வேண்டும். செக் தெரிந்த ஒருவரோடு சேர்ந்து செய்யலாம். இல்லையென்றால் அதுவரை வெல்ஸை எடுங்கள். ஆங்கிலத்திலேயே எழுதியவர், இடையில் யாரும் இல்லை.

எல்லோருக்கும் சொல்கிறேன்: தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் பார்க்காமல் எந்த வேலையையும் தொடங்காதீர்கள். ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், முன்னுரை எழுதியவர், திருத்தியவர், எத்தனையாம் பதிப்பு, இந்த ஐந்தையும் குறித்துக்கொள்ளுங்கள். சில்வானஸ் தாம்சனின் 1910 கால்குலஸ் நூல் பொதுவுடைமை. அதையே மார்ட்டின் கார்ட்னர் திருத்தி 1998இல் வந்த பதிப்பு அப்படி இல்லை. அட்டையில் இரண்டுக்கும் ஒரே பெயர்.

கேள்வி (ஓசூர்): ஜூல்ஸ் வெர்னின் கடலடிப் பயண நாவல் படிச்சேன், சப்புன்னு இருந்துச்சு. ஏன் இவ்வளவு புகழ்றாங்க?

பதில்: நீங்கள் படித்தது லூயிஸ் மெர்சியரின் 1870களின் மொழிபெயர்ப்பாக இருக்கும். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெட்டிவிட்டார், அறிவியல் அளவுகளையும் குழப்பினார். மலிவுப் பதிப்புகளில் பெரும்பாலும் அதுதான். குட்டன்பர்க்கிலேயே எஃப்.பி. வால்டரின் முழு மொழிபெயர்ப்பு இலவசமாக இருக்கிறது. தலைப்புப் பக்கத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி (பென்னாகரம்): தமிழிலேயே பழைய அறிவியல் புத்தகங்கள் உண்டா அண்ணா? தேடினா எதுவும் வரமாட்டேங்குது.

பதில்: நிறைய உண்டு. தேடும் சொல்லில்தான் சிக்கல். இன்றைய 'வேதியியல்', 'இயற்பியல்' என்று போட்டால் 19ஆம் நூற்றாண்டு நூல் அகப்படாது. இரசாயனம், ரஸாயனம், பௌதிகம், பௌதீகம், பிரகிருதி சாஸ்திரம், தாவர சாஸ்திரம், வான சாஸ்திரம் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1875இல் கொண்டுவந்த வேதியியல் நூலின் பெயரே 'கெமிஸ்தம்'. அதை எந்த நவீனச் சொல்லாலும் பிடிக்க முடியாது. ஈழத்து நூல்களுக்கு 'நூலகம்' என்ற இணையதளம், இங்கத்தியவற்றுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், அதன்பிறகு ஸ்கேன் செய்த நூல்களைச் சேர்த்து வைத்திருக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ்.

ஆர்க்கைவில் டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியாவிலிருந்து வந்தவற்றின் தலைப்பு '2015' என்று தொடங்கி, ஓர் எண், பிறகு ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயர் என்று இருக்கும். எழுத்துக்கூட்டல் ஆளுக்கொரு விதம். முழுத் தலைப்பைப் போடாதீர்கள்; ஒரு சொல்லின் முதல் நாலைந்து எழுத்தை மட்டும் போட்டு மொழி 'தமிழ்' என்று வடிகட்டுங்கள். இந்த ஸ்கேன்கள் பெரும்பாலும் வெறும் கருப்பு வெள்ளை. எழுத்து படிக்க வரும், புகைப்படப் பக்கங்கள் மைக்கறையாகத்தான் தெரியும். மடித்து ஒட்டிய வரைபடங்களை மடித்தபடியே ஸ்கேன் செய்திருப்பார்கள். ஆங்கில நூல் என்றால் அதே பதிப்பை அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஏற்றிய வண்ணப் பிரதியில் தேடுங்கள்.

எழுத்துணரி (ஸ்கேன் படத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள், ஓசிஆர்) போடப் போகிறவர்களுக்கு: 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணை, லை, ளை, னை நான்கும் தும்பிக்கைக் கொம்போடு வரும்; ணா, றா, னா மூன்றும் சுழித்த ஒற்றை வடிவம். மென்பொருள் தடுமாறுவது பெரும்பாலும் இவற்றில்தான். முதல் பத்துப் பக்கத்தைக் கையால் திருத்தி, எது எதுவாக மாறுகிறது என்று பட்டியல் போட்டுக்கொண்டால் மீதியைத் தேடி மாற்றலாம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு மொத்தமாக மாற்றாதீர்கள், சரியான சொற்களும் கெட்டுப்போகும்.

கேள்வி (தேன்கனிக்கோட்டை): நம்ம பக்கத்துப் பாறை, மண் பத்திப் பழைய புத்தகம்?

பதில்: 'சேலம்' என்று தேடுங்கள். தர்மபுரி 1965 வரையில் சேலம் மாவட்டத்தில் இருந்தது; கிருஷ்ணகிரி 2004இல் தர்மபுரியிலிருந்து பிரிந்தது. லெ ஃபானுவின் 1883 சேலம் மாவட்டக் கையேடு, ரிச்சர்ட்ஸின் 1918 கெசட்டியர் (மாவட்ட விவரத் தொகுப்பு), கிங்கும் புரூஸ் ஃபூட்டும் 1864இல் எழுதிய நிலவியல் அறிக்கை. மூன்றும் பொதுவுடைமை.

கேள்வி (பாலக்கோடு, அறிவியல் ஆசிரியர்): ஒரு மறுப்பு சார். பழைய அறிவியல் நூலில் ஈதர்னு ஒளி பரவுற ஊடகம், செவ்வாய்க் கால்வாய் எல்லாம் உண்மைன்னு எழுதியிருக்கும். பத்தாம் வகுப்புப் பிள்ளைங்க கையில கொடுத்தா குழப்பம்தானே? கதைப் புத்தகத்தோட நிறுத்திக்கலாமே.

பதில்: இதை நான் ஏற்கவில்லை. தவறான நூலைத் தனியாகக் கொடுத்தால்தான் குழப்பம். அதை அந்தக் காலத்திலேயே மறுத்த நூலையும் சேர்த்துக் கொடுங்கள். வானியலாளர் பெர்சிவல் லோவல் 1906இல் செவ்வாயின் கால்வாய்களைப் பற்றி எழுதினார். அறிவுள்ள உயிர்கள் துருவப் பனியிலிருந்து தண்ணீர் கொண்டுபோக வெட்டியவை என்றார். மறு ஆண்டே 84 வயது இயற்கையியலாளர் ஆல்ஃபிரெட் ரஸல் வாலஸ் ஒரு சின்ன நூல் எழுதி அதைத் தகர்த்தார். லோவல் செவ்வாயின் சராசரி வெப்பத்தை 48 டிகிரி ஃபாரன்ஹீட், கிட்டத்தட்ட 9 டிகிரி செல்சியஸ் என்று கணக்கிட்டிருந்தார். வாலஸ் அது உறைநிலைக்கு வெகு கீழே என்று காட்டினார். மேகமே இல்லாத பாலைவனத்தில் திறந்த கால்வாயில் அவ்வளவு தூரம் தண்ணீர் விட்டால் வழியிலேயே ஆவியாகிவிடும், அறிவுள்ளவர்கள் அப்படி வெட்ட மாட்டார்கள் என்றார். 1965இல் மரினர் 4 விண்கலம் அனுப்பிய 22 படங்களில் இருந்தவை பள்ளங்கள். கால்வாய் எதுவும் இல்லை.

ஓசூர் வாசகர் மறுபடி: ஆசிரியர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு சார். பாடப்புத்தகம் முடிக்கவே நேரம் போதலை, இதுல ரெண்டு புத்தகமா?

பதில்: முழுதாக வேண்டாம். லோவலிடமிருந்து நாலு பக்கம், வாலஸின் வெப்பநிலை அத்தியாயம், அவ்வளவுதான். பாடப்புத்தகம் முடிவை மட்டும் சொல்கிறது. ஒரு பெரிய வானியலாளர் சொன்னதை, தொலைநோக்கியில் ஒன்றும் பார்க்காமல், கணக்கை வைத்தே ஒருவர் எப்படி மறுத்தார் என்பது இந்த இரண்டிலும் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்குக் கிடைக்காமல் போவது இதுதான். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி (அரூர்): சார், சுஜாதா நூல்கள் நாட்டுடைமை ஆகலையா? பிடிஎஃப்...

பதில்: மேலே சொல்லிவிட்டேன். இனி இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

கேள்வி (மத்தூர்): பெ.நா. அப்புசாமி?

பதில்: 1986இல் மறைந்தார், 60 ஆண்டுக் கணக்குப்படி 2046. ஆனால் தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கினால் உரிமைத்தொகை அரசு கொடுத்துவிடும், நூல் உடனே பொதுவுக்கு வரும். எந்தத் தமிழ் எழுத்தாளர் என்றாலும் முதலில் அந்தப் பட்டியலைப் பாருங்கள், பிறகு இறந்த ஆண்டை.

கேள்வி (தர்மபுரி, இல்லத்தரசி): நம்ம நாட்டுப் பெண்கள் எழுதின பழைய அறிபுனை ஏதாவது?

பதில்: பேகம் ரொக்கையாவின் 'சுல்தானாவின் கனவு', 1905. சூரிய வெப்பத்தைச் சேர்த்துவைத்துப் பயன்படுத்தும், மேகத்திலிருந்து நேரே நீர் எடுக்கும் பெண்கள் ஆளும் நாடு. ஆங்கிலத்தில் எழுதினார், வெளிவந்தது சென்னையிலிருந்து வந்த ஒரு மகளிர் இதழில். ஒரே அமர்வில் படித்துவிடலாம்.

பாலக்கோடு ஆசிரியர்: சரி சார், ஒரே ஒரு நூலோட ஆரம்பிக்கிறேன். எது?

பதில்: ஃபாரடேயின் மெழுகுவர்த்தி உரைகள், 1861. ஆறு உரை. முதல் உரையில் உள்ளதை நாளைக்கே செய்யலாம்: காற்று அசையாத அறையில் நன்றாக எரிந்த மெழுகுவர்த்தியை மெதுவாக ஊதி அணையுங்கள். எழும் வெள்ளைப் புகையில், திரிக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே தீக்குச்சியைக் காட்டினால் நெருப்பு புகை வழியே கீழே இறங்கித் திரியைப் பற்றும். ஃபேன் ஓடினால் நடக்காது, புகை கலைந்துவிடும். வேகமாக ஊதினாலும் அப்படித்தான். திரி ஆறிப்போனால் ஆவி வராது, அதனால் தீக்குச்சியை முன்பே கொளுத்தி வைத்துக்கொள்ளுங்கள்.

பிந்தைய உரைகளில் பொட்டாசியத்தைத் தண்ணீரில் போடுவதும் ஹைட்ரஜனைக் கொளுத்துவதும் வரும். அவற்றைப் படிக்க மட்டும் செய்யுங்கள். அந்தக் காலச் செய்முறை நூல்கள் எதிலும் பாதுகாப்புக் குறிப்பை நம்பாதீர்கள். பாதரசத்தை வெறுங்கையில் எடுக்கச் சொல்லும் நூல்களும் உண்டு. குட்டன்பர்க்கில் ஈபப் (மின்னூல்) வடிவத்தை எடுங்கள். ஆர்க்கைவின் ஸ்கேன் பிடிஎஃப் பல மடங்கு பெரிது, பிள்ளைகளின் டேட்டா தீர்ந்துவிடும்.