காகத்தையும் எண்ணுங்கள்

அன்புள்ள ஐயா,

குளிர்காலம் தொடங்கிவிட்டது என்று தினமும் விடியற்காலையில் ஏரிக்கரைக்குப் போய்வருகிறேன். அடிப்பக்கம் மஞ்சளாக, ஓயாமல் வாலை ஆட்டிக்கொண்டு ஒரு குருவி வந்திருக்கிறது. அது சாம்பல் வாலாட்டியா மஞ்சள் வாலாட்டியா என்று தெரியவில்லை. மற்றபடி காகம், மைனா, கொக்கு, தகைவிலான் என்று சாதாரணப் பறவைகள்தான். எங்கள் வாட்ஸப் குழுவில் ஆளாளுக்கு அரிய பறவைகளின் படம் போடுகிறார்கள், என்னிடம் போட ஒன்றுமில்லை. இன்னும் சரியாகக் குளிர் வராததுதான் காரணமா? நல்ல கேமரா ஒன்று வாங்கலாமா? பார்த்ததையே திரும்பத் திரும்பப் பதிவு செய்வதில் ஏதாவது பயன் உண்டா?

ஒரு கல்லூரி மாணவன்

அன்புள்ள தம்பி,

வாலாட்டியை முதலில் முடித்துவிடுகிறேன். முதுகைப் பாருங்கள். சாம்பல் நிறமாக இருந்து, வால் உடம்புக்குப் பொருந்தாத நீளத்தில் இருந்தால் அது சாம்பல் வாலாட்டி. முதுகில் பச்சையோ பழுப்போ கலந்து, வாலும் குட்டையாக இருந்தால் மஞ்சள் வாலாட்டி. ஓடும் தண்ணீரும் கல்லும் உள்ள இடத்தை முதலாவது விரும்பும், ஈரப் புல்தரையை இரண்டாவது. நீங்கள் பார்த்தது ஏரிக்கரைப் புல்லில் என்றால் என் ஊகம் மஞ்சள் வாலாட்டி, ஆனால் முதுகைப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

குளிர் வராததால் பறவை வரவில்லை என்பது சரியில்லை. உங்கள் ஏரிக்கரையில் ஆட்கள் ஸ்வெட்டர் போட்டாயிற்றா என்று பார்த்துவிட்டா அது கிளம்பப்போகிறது? அது புறப்பட்ட இடத்தில் பகல் எவ்வளவு குறுகியது, இரை எவ்வளவு குறைந்தது என்பதுதான் கணக்கு. 1920களிலேயே கனடாவில் வில்லியம் ரோவன் என்பவர் கடுங்குளிரில் கூண்டில் வைத்திருந்த ஜங்கோ குருவிகளுக்கு விளக்கைப் போட்டுப் பகலை நீட்டிக் காட்டினார், அவை நடுக் குளிர்காலத்திலேயே வசந்தம் வந்துவிட்டதுபோல இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிட்டன. கேமரா பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

எனக்கு உறுத்தியது உங்கள் "சாதாரணப் பறவைகள்தான்". கொஞ்ச நாளாகவே என் தாய்மாமாவின் பழைய நோட்டு ஒன்றைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். வரவு செலவு எழுதும் நோட்டு, அதன் பின்பக்கத்திலிருந்து பறவைகள். அவருக்கு இதில் யாரும் குரு கிடையாது, பைனாகுலர் கிடையாது, ஆனால் கண் நல்ல கண். ஒரு நாள் ஆறுமணிக் குருவி வந்து கிணற்றடியில் சருகைக் கிளறியதை அரைப் பக்கத்துக்கு எழுதியிருக்கிறார், நெஞ்சின் நிறம், வாலடிச் சிவப்பு, அது கூப்பிட்ட நேரம் எல்லாம். அதே பக்கத்தில் கீழே, சிட்டுக்குருவி: வழக்கம்போல. மைனா: வழக்கம்போல. பக்கம் பக்கமாக இதுதான். அவர் வழக்கம் எத்தனை? பத்தா, நாற்பதா? கேட்க மாமா இல்லை. ஆறுமணிக் குருவி அரைப் பக்கம் எழுதாவிட்டாலும் வரும் போகும், எனக்கு வேண்டியிருப்பது அந்தச் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை, அதுதான் இல்லை. அவர்மேல் எனக்கு இருக்கும் பிரியத்தையும் மீறி நோட்டை மேசையில் ஓங்கி வைத்தேன்.

பாறுக் கழுகை எடுத்துக்கொள்ளுங்கள். 1980களில் வட இந்தியாவில் செத்த மாட்டைப் போடும் இடமெல்லாம் பாறுக் கூட்டம்தான். அதைப்போய் எண்ணி எழுது என்று சொல்லியிருந்தால் எவரும் சிரித்திருப்பார்கள். பரத்பூர் கேவலாதேவ் பூங்காவில் விபு பிரகாஷ் என்ற ஆய்வாளர் எண்ணியிருந்தார். 1990களின் நடுவில் அங்கே மறுபடி எண்ணும்போது கூடுகள் காலி, மரத்தில் செத்துத் தொங்கும் பறவைகள். பழைய எண்ணிக்கை கையில் இருந்ததால்தான் அது ஏதோ ஒரு கெட்ட வருடம் என்று கடந்துபோகாமல் பேரழிவு என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. மாடுகளுக்கு வலிக்குப் போடும் டைக்ளோஃபினாக் மருந்து, அந்தச் சடலத்தைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்பது 2004-ல் வெளிவந்தது, கால்நடைகளுக்கு அந்த மருந்தை இந்தியா 2006-ல் தடை செய்தது. அதற்குள் வெண்முதுகுப் பாறு நூற்றில் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் போய்விட்டது. எண்ணாமலே விட்டிருந்தால் தடை இன்னும் எத்தனை வருடம் தள்ளிப்போயிருக்கும் என்று யோசித்துப்பாருங்கள்.

இது நம்மோடு நிற்கவில்லை. வானத்தை மறைத்துக்கொண்டு பறந்த, கோடிக்கணக்கில் இருந்த வட அமெரிக்கப் பயணப் புறாவில் கடைசி ஒன்று, மார்த்தா என்று பெயர் வைத்திருந்தார்கள், 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்குக் காட்சிசாலையில் செத்தது. 1970க்குப் பிறகு அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 300 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டன என்று 2019-ல் ஓர் ஆய்வு வந்தது. போனதில் பெரும்பங்கு குருவி, கருங்குருவி போன்ற சாதாரணப் பறவைகள். நம் பக்கத்தில் 2023-ல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையைத் தேடிப் படியுங்கள், கம்பியில் உட்கார்ந்திருக்கும் பனங்காடையைப் பற்றியும் அதில் கவலைப்பட்டு எழுதியிருக்கிறார்கள். அந்த அறிக்கைக்கு அடிப்படை உங்களைப் போன்றவர்கள் ஈபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் போட்ட பட்டியல்கள்தான். பட்டியல், படம் அல்ல.

உங்கள் குழு நண்பர்களைப் பற்றி ஒன்று சொல்லலாமா? கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு அரிய பறவைக்குப் பின்னால் பத்து பேர் ஓடி, அதன் குரலைக் கைபேசியில் போட்டுப் போட்டு அதை வெளியே வரவழைத்து, படமெடுத்து, லைக் வாங்குவதற்குப் பெயர் பறவை நோக்கல் அல்ல. நீண்ட பயணம் முடித்து இளைத்துப்போய் வந்த உயிர் அது, அந்தக் குரலை நம்பி, இல்லாத எதிரியைத் தேடிக்கொண்டு அரை மணி நேரம் அலைகிறது. அவர்களிடம் காட்ட உங்களிடம் ஒன்றுமில்லை என்பதில் எனக்கு மிகவும் சந்தோஷம்.

பயன் உண்டா என்று கேட்டீர்கள் அல்லவா. ஒரே இடம், ஒரே நேரம், பதினைந்து இருபது நிமிடம் போதும். கண்ணில் பட்டது, காதில் விழுந்தது எல்லாவற்றையும் எழுதுங்கள், பிடித்ததை மட்டும் அல்ல. எல்லாவற்றையும் எழுதினால்தான் பட்டியலில் ஒரு பறவை இல்லாததற்கும் அர்த்தம் வருகிறது, இல்லாவிட்டால் நீங்கள் மைனாவைப் பார்க்கவில்லையா, பார்த்தும் எழுதவில்லையா என்று யாருக்குத் தெரியும்? ஈபேர்டில் எண்ணிக்கை போட வேண்டிய இடத்தில் எக்ஸ் என்று போட்டுவிட்டுப் போக வழி வைத்திருக்கிறார்கள். அது என் மாமா எழுதிய "வழக்கம்போல"தான், அந்தப் பக்கம் போகாதீர்கள்.

சாயங்காலம் சோளக்குருவிக் கூட்டம் வந்து புரண்டால் எப்படி எண்ணுவது என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒரு ஓரத்தில் பத்தை எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் வைத்துக்கொண்டு மீதிக் கூட்டத்தைப் பத்துப் பத்தாக அளந்துகொண்டே போங்கள், பெரிய கூட்டம் என்றால் நூறு நூறாக. 300 என்று எழுதி உண்மையில் 340 இருந்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. நிறைய என்று எழுதி அனுப்பினால் மட்டும் பதில் போட மாட்டேன்.