பழைய திங்பேட் கூட்டுக்குள் புதிய மதர்போர்டு: வாங்கலாமா?

கேள்வி: 2010-இல் வெளிவந்த லெனோவோ திங்பேட் எக்ஸ்201 என்னிடம் இருக்கிறது. என் அப்பா பயன்படுத்தியது. கீபோர்டு இன்றும் அருமையாக இருக்கிறது, வேகம்தான் போதவில்லை. இதே கூட்டில் பொருந்தும் எக்ஸ்210 என்ற மதர்போர்டை ஒருவர் இணையத்தில் விற்கிறார். விலை ஒரு புதிய மடிக்கணினியின் விலைக்கு அருகில் வருகிறது. வாங்கலாமா?

பதில்: வேகம் மட்டும்தான் தேவை என்றால் வாங்காதீர்கள். அதே பணத்துக்குப் புதிய மடிக்கணினியே கிடைக்கும்; கூடவே உத்தரவாதமும் உண்டு. அந்த கீபோர்டை விட மனமில்லை என்றால் மட்டும் மேலே படியுங்கள். அதை நான் நல்ல காரணமாகவே கருதுகிறேன். ஏழு வரிசை விசைகள் கொண்ட அந்த அமைப்பை 2012-இல் எக்ஸ்230 வந்தபோது லெனோவோ கைவிட்டது. 2017-இல் திங்பேடின் 25-ஆம் ஆண்டு நினைவுப் பதிப்பில் அதைத் திரும்பக் கொடுத்தது, அதோடு சரி. நாள் முழுவதும் தட்டச்சு செய்கிறவர் தனக்குப் பழகிய விசைகளுக்காகச் செலவழிப்பது வீண் ஆகாது.

எக்ஸ்210 லெனோவோவின் தயாரிப்பு அன்று. 51என்பி எனப்படும் சீனத் திங்பேட் ஆர்வலர் குழுவினர் உருவாக்கியது. எட்டாம் தலைமுறை இன்டெல் சிப், டிடிஆர்4 ரேம் (புதிய வகை நினைவகம்), என்விஎம்இ எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்) ஆகியவை பழைய கூட்டுக்குள் வந்துவிடும். எக்ஸ்201-இல் பரவலாக வந்த ஐ5-520எம் இரண்டு கோர் கொண்டது; அதன் வெப்ப அளவு 35 வாட். ஐ5-8250யு சிப்பில் நான்கு கோர், வெப்ப அளவோ 15 வாட்தான். எனவே கூடு தாங்குமா என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் வெப்பத்தைக் கடத்தும் செப்புக்குழாயும் மின்விசிறியும் புதிய சிப்பின்மேல் சரியாக அமர வேண்டும். அவை இந்த மதர்போர்டுப் பலகையோடு வருகின்றனவா, பழையதையே மாற்றி அமைக்க வேண்டுமா என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

பலர் கவனிக்கத் தவறுவது திரையை. அந்தக் காலத்துத் திரைகள் எல்விடிஎஸ் என்ற இணைப்பில் இயங்கின. இன்றைய பலகைகள் இடிபி என்ற வேறு இணைப்பைத் தருகின்றன. இரண்டும் நேரடியாகச் சேராது. உங்கள் 1280 × 800 திரையே போதும் என்று நினைத்துப் பலகையை மட்டும் வாங்கினால், திரைக்கும் அதன் கேபிளுக்கும் தனியாகச் செலவு வந்து நிற்கும். ஆகவே பலகை, திரை, கேபிள், ரேம், எஸ்எஸ்டி, கூரியர் கட்டணம், சுங்க வரி, பொருத்துகிறவரின் கூலி எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டுங்கள். விளம்பரத்தில் இருக்கும் விலை அந்தத் தாளில் ஒரு வரி மட்டுமே.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய இன்டெல் சிப்பும், பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் டிபிஎம் 2.0 வசதியும் வேண்டும். சிப்பைப் பொறுத்தவரை இந்தப் பலகை தேறுகிறது. டிபிஎம் வசதி பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில்) தெரிகிறதா என்று ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். மூடியை மூடித் திறந்தபின் கணினி ஒழுங்காக விழித்தெழுகிறதா என்பதையும் காணொளியாகக் கேளுங்கள். சிறு குழுக்கள் செய்யும் பலகைகளில் தொல்லை வருவது பெரும்பாலும் இந்த மாதிரி இடங்களில்தான். அவற்றைச் சரிசெய்ய எந்த சர்வீஸ் மையமும் இருக்காது. இதற்கெல்லாம் பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

பணம் அனுப்புமுன் உங்கள் கூட்டையும் சோதியுங்கள். கீல் தளர்ந்திருக்கிறதா, திருகு பதியும் இடங்களில் பிளாஸ்டிக் வெடித்திருக்கிறதா, எந்த விசையாவது அழுத்தினால் திரும்ப எழாமல் இருக்கிறதா? கூடு போனால் இந்தச் செலவுக்கே அர்த்தமில்லை.

இன்னொரு வழியும் உண்டு. எக்ஸ்201 எட்டு ஜிபி ரேம் வரை ஏற்கும். அதை நிரப்பி, வன்தட்டை எடுத்துவிட்டு ஒரு சாதாரண சாட்டா எஸ்எஸ்டி போட்டு, லினக்ஸ் நிறுவிப் பாருங்கள். எழுதவும் மின்னஞ்சல் பார்க்கவும் அது தாராளமாகப் போதும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் இதைத்தான் செய்வேன். அதன் பிறகும் குறை தெரிந்தால் பலகையைப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: பேட்டரிக்கு என்ன செய்வது? பழைய பேட்டரியைப் பிரித்துப் புதிய செல்களைப் போட்டுத் தருவதாக ஒரு கடைக்காரர் சொல்கிறார்.

பதில்: வேண்டாம். அந்த செல்களை ஒன்றோடொன்று இணைக்கத் தனிக் கருவி வேண்டும். சூடான சால்டரிங் இரும்பை நேரடியாக வைத்தால் செல் கெடும், தீப்பிடிக்கவும் கூடும். மேலும் சில பேட்டரிகளின் கட்டுப்பாட்டுச் சுற்று, செல்களைக் கழற்றியதுமே பூட்டிக்கொள்ளும். தயாரித்த தேதி தெளிவாக அச்சிடப்பட்ட, திருப்பிக் கொடுக்கும் வசதியுள்ள புதிய பேட்டரியாக வாங்குங்கள். உப்பிய பேட்டரியை ஒரு நாள்கூடக் கணினியில் வைத்திருக்கக் கூடாது.

கேள்வி: 1990-களில் வந்த மடிக்கணினி ஒன்று கிடைத்தது. உள்ளே ராஸ்பெரி பை என்ற சிறிய கணினிப் பலகையை வைத்து உயிர்கொடுக்க ஆசை. என்ன வாங்க வேண்டும்?

பதில்: அது இயங்குகிறதா என்று சொல்லவில்லையே? இயங்கினால், தயவுசெய்து அதன் உள்ளுறுப்புகளைப் பிடுங்காதீர்கள். அப்படிப்பட்டவை குறைந்துகொண்டே போகின்றன. உள்ளே இருக்கும் சிறிய காப்பு பேட்டரியை மட்டும் கவனியுங்கள். அது கசிந்து மதர்போர்டை அரித்துவிடக்கூடும்.

இயங்காது, பழுதுபார்க்கவும் வழியில்லை என்றால் தாராளமாகச் செய்யலாம். அக்காலத் திரைகளுக்கு ஏற்ற கட்டுப்பாட்டுப் பலகை கிடைப்பது அரிது. ஆகவே கூட்டின் திறப்பை அளந்து அதற்குப் பொருந்தும் புதிய எச்டிஎம்ஐ திரை வாங்குங்கள். பழைய கீபோர்டை யூஎஸ்பி-க்கு மாற்ற ஒரு மைக்ரோகண்ட்ரோலர் (சிறு கட்டுப்பாட்டுச் சிப்) வேண்டும். எந்தக் கம்பி எந்த விசை என்று நீங்களே சோதித்து வரைபடம் தயாரிக்க வேண்டியிருக்கும். ராஸ்பெரி பை 5-க்கு 5 வோல்ட், 5 ஆம்பியர் தரும் சார்ஜரே வாங்குங்கள். பழைய திரையின் பின்விளக்குச் சுற்றில் பல நூறு வோல்ட் இருக்கும். மின் இணைப்பில் இருக்கும்போது அதைத் தொடாதீர்கள். கழற்றிய பாகங்களைப் பெயரெழுதி ஒரு பெட்டியில் வையுங்கள். அதே மாடலைப் பழுதுபார்க்கும் வேறொருவருக்கு அவை தேவைப்படும்.