துவர்க்கிற பெர்சிமன் மரத்தை வெட்டலாமா?

கேள்வி: கணவரின் வேலைக்காக ஜப்பானில் நாரா பக்கம் ஒரு கிராமத்தில் பழைய வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். முற்றத்தில் பெரிய பெர்சிமன் மரம் நிற்கிறது. அக்டோபர் முடிவதற்குள் கிளை வளையும் அளவுக்குப் பழம், எல்லாம் நல்ல ஆரஞ்சு நிறம். ஆசையாகப் பறித்துக் கடித்தால் நாக்கு அப்படியே மரத்துப்போனது. மகன் துப்பிவிட்டு அழுதான். கடையில் வாங்கும் பழமோ தேனாக இனிக்கிறது. மரத்துக்கு ஏதாவது நோயா, உரம் போதவில்லையா? வேண்டாமென்றால் வெட்டிவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். பக்கத்து வீட்டுப் பாட்டியோ உச்சியில் ஒன்றிரண்டை விட்டுவிட்டு மற்றதைப் பறிக்கச் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: வெட்டாதீர்கள். மரத்துக்கு நோயும் இல்லை, உரக் குறைவும் இல்லை. பெர்சிமனில் இரண்டு வகை உண்டு. ஒன்று மரத்தில் இருக்கும்போதே துவர்ப்பை இழந்து, கெட்டியாக இருக்கையிலேயே ஆப்பிள் போலக் கடித்துத் தின்ன ஏற்றதாகிவிடும். கடையில் நீங்கள் வாங்கியது பெரும்பாலும் அந்த வகையைச் சேர்ந்த ‘ஃபுயு’வாக இருக்கும். மற்றது நிறம் ஏறிய பிறகும் துவர்த்துக்கொண்டே இருக்கும். உங்கள் முற்றத்தில் நிற்பது இது. பழைய கிராமத்து வீடுகளில் இந்த வகையைத்தான் விரும்பி வைத்தார்கள், அதற்குக் காரணமும் உண்டு.

பிஞ்சு வாழைக்காயைப் பச்சையாகக் கடித்தால் வாய் எப்படி ஆகும்? துவர்ப்பைத் தரும் டானின் என்ற அதே பொருள்தான் இங்கேயும். பழச் சதையில் டானின் நிறைந்த பெரிய உயிரணுக்கள் இருக்கின்றன. கடிக்கும்போது அவை உடைந்து, டானின் எச்சிலில் கரைந்து, எச்சிலின் புரதங்களைப் பிடித்துக்கொள்கிறது. நாக்கின் வழவழப்பு போய்விடுவதால்தான் மரத்த மாதிரி இருக்கிறது. விதை முற்றும் முன் குரங்கோ பறவையோ பழத்தைத் தொட்டுவிடக் கூடாது என்பதற்கு மரம் வைத்திருக்கும் காவல் இது. இத்தனைக்கும் உள்ளே சர்க்கரைக்குக் குறைவே இல்லை. பல துவர்ப்பு இனங்களில் இனிப்பு இனங்களைவிட அது அதிகம். நாக்குக்கு எட்டாமல் டானின் அதை மறைத்துவைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது டானினைக் கரையாததாக்குவது. எளிய வழி, காத்திருப்பது. பழத்தைப் பறித்து, காம்பை ஒட்டி இலை போல இருக்கும் காம்பிதழ் கீழே இருக்கும்படி அடுக்கி வையுங்கள். தோல் கண்ணாடி போலாகி, உள்ளே கூழாகும்போது கரண்டியால் எடுத்துச் சாப்பிடலாம். பக்கத்தில் ஒரு ஆப்பிளை வைத்தால் சீக்கிரம் கனியும்.

கெட்டியாகவே வேண்டுமென்றால் ஷோச்சு என்ற ஜப்பானியச் சாராயத்தால் ஒரு வைத்தியம். 35 சதவீத ஷோச்சுவை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, ஒவ்வொரு பழத்தின் காம்பிதழையும் அதில் தோய்த்தெடுத்து, பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் கட்டி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் ஒன்றை அறுத்துச் சுவை பாருங்கள். சாராயம் பழத்துக்குள் அசிட்டால்டிஹைடு என்ற வேதிப்பொருளாக மாறி டானினைக் கட்டிப்போட்டுவிடும். பிறகு அது வாயில் கரையாது. ஒரு எச்சரிக்கை: இப்படித் துவர்ப்பு நீக்கிய பழத்தை அடுப்பில் ஏற்றி ஜாம் காய்ச்சினால் துவர்ப்பு திரும்பி வரக்கூடும்.

ஆனால் உங்கள் மரத்துக்கு உரிய மரியாதை உலர்பழம்தான். ஜப்பானியர் ‘ஹோஷிககி’ என்பார்கள். சர்க்கரை அரிதாக இருந்த காலத்தில் கிராமத்து வீடுகளுக்குக் குளிர்காலம் முழுதும் இனிப்பு கொடுத்தது இதுவே. துவர்ப்பு இனத்தை விரும்பி வைத்ததும் இதற்காகத்தான். பறிக்கும்போது காம்போடு சின்னக் குச்சியையும் ‘T’ எழுத்து வடிவில் சேர்த்து நறுக்குங்கள், கயிறு மாட்ட அது வேண்டும். தோலைச் சீவி, காம்பிதழைச் சுற்றி மட்டும் கொஞ்சம் விட்டு, கொதிநீரில் ஐந்து பத்து வினாடி முக்கி எடுத்து, ஒன்றோடொன்று உரசாதபடி கயிற்றில் கட்டி, மழை படாமல் காற்றுப் படும் இறவாணத்தில் தொங்கவிடுங்கள். அவசரப்பட்டு அக்டோபரிலேயே கட்டாதீர்கள். காற்றில் சூடும் ஈரமும் இருந்தால் பூஞ்சை பிடித்துவிடும். நவம்பர் பாதிக்கு மேல், குளிர்ந்த வறண்ட காற்று வீசத் தொடங்கியதும் கட்டலாம். ஒரு வாரத்தில் மேலே மெல்லிய தோல் கட்டும். அது காற்றை அடைப்பதால் உள்ளே தானாகவே அசிட்டால்டிஹைடு உண்டாகித் துவர்ப்பு போய்விடுகிறது. அப்போதிலிருந்து சில நாளுக்கு ஒருமுறை விரலால் மெதுவாகப் பிசைந்து கொடுங்கள். ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் பேரீச்சை போலாகிவிடும். மேலே பூக்கும் வெள்ளை மாவைப் பூஞ்சை என்று துடைத்துவிடாதீர்கள், அது உள்ளிருந்து வெளிவந்த சர்க்கரை. பச்சையாகவோ கருப்பாகவோ பஞ்சு போல வளர்ந்தால்தான் எறிய வேண்டும்.

மகனுக்காக ஒன்று சொல்ல வேண்டும். துவர்க்கும் பழத்தைப் பிடிவாதமாகத் தின்ன விடாதீர்கள். டானின் இரைப்பை அமிலத்தில் திரண்டு, நாரோடு சேர்ந்து கல் போல இறுகிவிடுவதுண்டு. இரைப்பையில் அறுவை செய்துகொண்டவர்களும், நீரிழிவால் இரைப்பை மெதுவாக இயங்குபவர்களும் நன்றாகக் கனிந்த பழத்தைக்கூட நிறையச் சாப்பிட வேண்டாம். பெர்சிமன் சிவந்தால் மருத்துவர் முகம் வெளுக்கும் என்று ஜப்பானில் ஒரு பழமொழி உண்டு. நோயாளிகள் வரமாட்டார்களாம். எனக்குப் பிடித்த பழமொழிதான், ஆனாலும் இவர்களுக்குப் பொருந்தாது.

சரி, பாட்டி சொன்னது. உச்சியில் விடும் அந்தப் பழத்துக்கு ‘கிமமோரி’ என்று பெயர். மரத்தின் காவல் என்று பொருள். அடுத்த ஆண்டும் நன்றாகக் காய்க்கட்டும் என்ற வேண்டுதல் அது. குளிர்காலத்துப் பறவைகளுக்கு விடும் பங்கு என்றும் சொல்வார்கள். பாட்டி சொல்லில் இரண்டு பாதி இருக்கிறது: உச்சியில் விடு, மற்றதைப் பறி. இன்று இரண்டாவது பாதிதான் முக்கியம். ஆளில்லாத வீடுகளில் பறிக்காமல் விட்ட பெர்சிமனைத் தேடித்தான் கரடியும் குரங்கும் ஊருக்குள் வருகின்றன. நாராவின் தெற்கு மலைகளில் கருங்கரடி உண்டு. உங்கள் ஊராட்சி அறிவிப்பு கொடுத்திருந்தால் உச்சிப் பழத்தையும் எடுத்துவிடுங்கள், பாட்டி கோபிக்க மாட்டார்.

பறிக்க மரத்தில் ஏறாதீர்கள். பெர்சிமன் கிளை பார்க்க உறுதியாக இருக்கும், திடீரென்று முறியும். இந்த மரத்திலிருந்து விழுந்தவர் மூன்று ஆண்டில் சாவார் என்று அங்கே ஒரு நம்பிக்கை. பிள்ளைகளை ஏறவிடாமல் தடுக்கப் பெரியவர்கள் சொல்லிவைத்தது என்றே நினைக்கிறேன். மூங்கில் கழியின் நுனியைப் பிளந்து, குச்சியை அதில் மாட்டித் திருகினால் பழம் குச்சியோடு வந்துவிடும். குளிர்காலத்தில் கவாத்து செய்தால் எல்லாக் கிளை நுனியையும் வெட்டாதீர்கள், அடுத்த ஆண்டுப் பூ வருவதே அந்த நுனிகளிலிருந்து கிளம்பும் தளிரில்தான். இந்த ஆண்டு இவ்வளவு காய்த்த மரம் அடுத்த ஆண்டு ஓய்வெடுக்கலாம். அதற்கும் பயப்பட வேண்டாம். இனிப்புப் பழம் வேண்டுமே என்றால், வசந்தத்தில் ஒரு கிளையில் மட்டும் ஃபுயு ஒட்டுக் கட்டச் சொல்லுங்கள். பீச்சும் செஸ்ட்நட்டும் காய்க்க மூன்று ஆண்டு, பெர்சிமனுக்கு எட்டு ஆண்டு என்பது ஜப்பானியர் வழக்கு. வெட்டிவிட்டுப் புதிதாக நட்டால் அவ்வளவு காத்திருக்க வேண்டும்.

இந்தத் துவர்ப்பு வேறொன்றுக்கும் உதவியது. பச்சைக் காயை இடித்துப் பிழிந்து, புளிக்கவைத்து, ஆண்டுக்கணக்கில் முதிரவைத்த சாறு ‘ககிஷிபு’. காகிதக் குடை, மரச்சாமான், மீன்வலை எல்லாவற்றிலும் பூசினார்கள். ஈரமும் பூச்சியும் அண்டாது. நம் பனிச்சை மரம் பெர்சிமனின் சொந்தம், கருங்காலியும்கூட. எல்லாம் டயோஸ்பைரோஸ் பேரினம். வங்காளத்திலும் இலங்கையிலும் மீனவர்கள் பனிச்சங்காய்ச் சாற்றில் வலையைத் தோய்த்தார்கள். ஒருவரையொருவர் பார்த்திராத கடற்கரைகளில் ஒரே கைவேலை நடந்திருக்கிறது என்று அறிந்தபோது நான் அடைந்த மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை. நைலான் வலை வந்ததும் இரண்டும் ஓய்ந்தன. வரும் ஆகஸ்டில் பச்சைக் காய் பறித்துக் கொஞ்சம் ககிஷிபு போட்டுப் பார்க்க ஆசையிருந்தால் பாட்டியைக் கேளுங்கள். நாற்றம் அதிகம், ஆகவே ஜாடியை வீட்டுக்கு வெளியே வையுங்கள்.