கேபிள் வெளியே வரவில்லையே, மின்னல் எப்படி உள்ளே போனது?

நிலக்கரிச் சுரங்கத்தில் சீல் (தடுப்புச் சுவர்) வைத்து மூடிய பகுதிக்கு மேலிருந்து எந்தக் கம்பியும் போகாதபோது, அங்கே தேங்கும் மீத்தேன் வாயுவை மின்னல் எப்படிப் பற்றவைக்கும் என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான சந்தேகம்தான். ஆனால் மின்னல் கம்பி வழியாகத்தான் இறங்க வேண்டும் என்றில்லை.

தண்டவாளம், கன்வேயர், துளைக்கிணற்றின் இரும்புக் குழாய் வழியாக இறங்குவது ஒரு வகை. இது எல்லோருக்கும் தெரியும். இன்னொன்று தூண்டல். மின்னலின் மின்காந்த அலையில் குறைந்த அதிர்வெண் உள்ள பகுதி மண்ணையும் பாறையையும் ஊடுருவிப் போகும். உள்ளே நீளமான கேபிள் ஒன்று கிடந்தால் அது ஆன்டெனா மாதிரி வேலை செய்யும், முனையில் மின்னழுத்தம் ஏறும். பொறி பெரிதாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. 5 முதல் 15 சதவீதம் மீத்தேன் கலந்த காற்றைப் பற்றவைக்க ஒரு மில்லிஜூலுக்கும் குறைவான ஆற்றல் போதும்.

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் 2006 ஜனவரி 2 அன்று சாகோ நிலக்கரிச் சுரங்கத்தில் நடந்த வெடிப்பில் 12 பேர் இறந்தார்கள். அங்கே மூடிய பகுதிக்குள் பழைய பம்ப் கேபிள் ஒன்றை விட்டுவைத்திருந்தார்கள், வெளியே எதனோடும் இணைப்பு இல்லை. மின்னல் அதில் தூண்டிய மின்சாரமே பெரும்பாலும் காரணம் என்பது விசாரணையின் முடிவு. 20 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 20 பவுண்டு) அழுத்தம் தாங்கும்படி விதிக்கப்பட்ட சீல்கள், 93 பிஎஸ்ஐக்கும் மேல் போன அழுத்தத்தில் நொறுங்கின. அப்புறம்தான் அங்கே விதி கடுமையானது.

எனவே உங்கள் அறிக்கையில், வெளியே இணைப்பு இருந்ததா என்பதோடு, மூடும் முன் கேபிளைச் சுருட்டி எடுத்தார்களா என்பதையும் கேளுங்கள். துண்டித்துவிட்டோம் என்ற பதிலை மட்டும் ஏற்காதீர்கள்.