சின்ன நாடு என்றால் சின்ன வாயா?

கேள்வி: சீனா ஒரு பக்கம் பேச்சுவார்த்தை நடத்துகிறது, மறுபக்கம் எல்லையில் படையைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. இந்தியா, வியட்நாம், பிலிப்பைன்ஸ் என்று எல்லோரோடும் இதே கதைதான். கடைசியில் வெல்லப்போவது இராஜதந்திரமா, இராணுவமா? நம்மைப்போல ஒரு சின்ன நாடு இதில் வாயைத் திறக்காமல் இருப்பதுதானே புத்தி?
(பெயர் வேண்டாம், களுவாஞ்சிக்குடி)

பதில்: பெயரைப் போடவேண்டாம் என்பதற்குக் கீழே இரண்டு கோடு இழுத்திருக்கிறீர்கள். பயப்படாதீர்கள் ஐயா, பீஜிங்கில் நமக்குச் சந்தாதாரர் எவரும் இல்லை. செங்கலடி தாண்டியே இதழ் ஒழுங்காக வருவதில்லை என்று முறைப்பாடு இருக்கிறது.

அந்தச் "சின்ன நாடு" பேச்சைக் கேட்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வெளிநாட்டில் வாய் திறக்கவேண்டிய நேரமெல்லாம் எங்கள் அமைச்சர்கள் இதைத்தான் இழுத்துப் போர்த்திக்கொள்வார்கள். (வாகனம், பரிவாரம் என்று வரும்போது மட்டும் நாடு திடீரென்று பெருத்துவிடும்.)

1962 ஒக்டோபர் 20இல் சீனப் படை இமயமலையில் இந்தியாமேல் பாய்ந்தது. ஒரு மாதம் அடித்துவிட்டு, நவம்பர் 21இல் தானாகவே போர்நிறுத்தம் அறிவித்தது. நடுவில் போய் நின்றது யார் தெரியுமா? கொழும்பு. டிசெம்பர் 10ஆம் திகதி எங்கள் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க பர்மா, கம்போடியா, இந்தோனேசியா, கானா, எகிப்து ஆகிய நாடுகளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். மேற்குப் பகுதியில் சீனப் படை 20 கிலோமீட்டர் பின்னுக்குப் போகவேண்டும், காலியாகும் இடத்தில் இரு தரப்பும் படை வைக்காமல் சிவில் நிலைகளை மட்டும் வைக்கலாம் என்று யோசனை எழுதினார்கள். அதை எடுத்துக்கொண்டு அம்மையார் முதலில் பீஜிங் போனார், பிறகு டெல்லி. நேரு ஏற்றார். சீனா "கொள்கையளவில்" ஏற்றது. கொள்கையளவில் ஏற்பது எப்படி என்று தெரியாதவர்கள் எங்கள் பக்கத்து அபிவிருத்திக் கூட்டம் ஏதாவது ஒன்றுக்கு வந்து பார்க்கலாம். எல்லோரும் கொள்கையளவில் ஏற்று, ரோல்ஸும் தேத்தண்ணியும் முடிய, கொள்கையளவிலேயே வீட்டுக்குப் போவார்கள். இதுவும் அப்படித்தான் போனது.

அப்போது நாங்கள் ஏதோ கொழுத்த நாடாக இருந்தோம் என்று நினைக்கவேண்டாம். 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கி அம்பாறையில் காடு வெட்டியும் அரிசி போதவில்லை. 1952இல் சீனாவுக்கு இறப்பரைக் கொடுத்து அரிசி வாங்க ஒப்பந்தம் போட்டோம். அந்த அரிசியைத் தின்றுகொண்டுதான் பத்து வருடம் கழித்து அதே சீனாவிடம் போய், கொஞ்சம் பின்னுக்குப் போங்கள் என்று சொன்னோம். அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 2017இல் 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்தபிறகு இனி எந்த வாயால் சொல்வது என்று கேட்பீர்கள். குத்தகைப் பத்திரத்தில் வாயையும் சேர்த்தா எழுதிக் கொடுத்தோம்?

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். சீனாவுக்கு 14 நாடுகளோடு தரை எல்லை. 12 நாடுகளோடு பேசி முடித்தாயிற்று. இந்தியாவும் பூட்டானும்தான் மிச்சம். எந்தக் காலத்தில் பேசி முடித்தார்கள் என்று பாருங்கள், சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. 1959இல் திபெத் எழுச்சி, கூடவே பெரும் பஞ்சம். 1960இல் பர்மாவோடும் 1961இல் நேபாளத்தோடும் 1963இல் பாகிஸ்தானோடும் கையெழுத்து. பிறகு 1989இல் தியனன்மென் சதுக்கத்தில் மாணவர் கிளர்ச்சி, அதன்பின் சோவியத் உடைவு. தொண்ணூறுகளில் ரஷ்யா, கசக்ஸ்தான், லாவோஸ், 1979இல் "பாடம் படிப்பிக்க" என்று படை அனுப்பிய அதே வியட்நாம், எல்லோரோடும் ஒப்பந்தம். தஜிகிஸ்தானிடம் 28,000 சதுர கிலோமீட்டர் கேட்டவர்கள், 2011இல் ஏறக்குறைய ஆயிரத்தோடு திருப்திப்பட்டார்கள். வீட்டுக்குள் ஆட்டம் கண்டால் சீனா வெளியே பேசும் என்பது என் கணக்கு. வீடு ஆட்டம் கண்டிருந்த 1962இல் இந்தியாமேல் பாய்ந்தது இந்தக் கணக்கில் உதைக்கும், தெரியும். அதைத் தூக்கிக்கொண்டு என்னை அடிக்க வருகிறவர்கள் வரலாம்.

வீடு திடமாக இருக்கும்போது நடப்பது வேறு. வெள்ளாமை செய்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பக்கத்து வயல்காரன் விதைப்புக்கு முன் வரம்பு கட்டும்போது தன் பக்கத்தை ஒரு சீவு சீவி, அந்த மண்ணை உங்கள் பக்கம் அணைத்துவிடுவான். வரம்பின் அகலம் மாறாது, இடம்தான் மாறும். வயல் வழக்குப் பார்க்கும் வட்டவிதானையைக் கூட்டிவந்து காட்டினால் வரம்பு வரம்பாகத்தான் இருக்கும். நாலைந்து போகம் போனபின், உரம் ஏன் மிஞ்சுகிறது என்று நீங்கள் யோசிக்கத் தொடங்குவீர்கள்.

தென்சீனக் கடலில் நடப்பது இதுதான். 2012இல் ஸ்காபரோ திட்டு பிலிப்பைன்ஸின் கையைவிட்டுப் போனது. சர்வதேச நடுவர் மன்றத்தில் வழக்குப் போட்டார்கள், 2016 ஜூலை 12இல் வென்றார்கள். தீர்ப்பு அவர்கள் கையில், திட்டு சீனாவின் கையில். இரண்டாம் தோமஸ் திட்டில் இரண்டாம் உலகப்போர்க் காலத்துக் கப்பல் ஒன்றை 1999இல் வேண்டுமென்றே தரைதட்ட வைத்தார்கள். துருப்பிடித்து ஓட்டை விழுந்த அந்தக் கப்பலில் இன்னும் சில பிலிப்பைன்ஸ் படையினர் குந்தியிருக்கிறார்கள். அவர்களுக்குச் சாமான் கொண்டுபோகும் படகுமேல் சீனக் கடலோரக் காவல் தண்ணீரைப் பீய்ச்சி அடித்திருக்கிறது. தண்ணீர்தானே என்று சொல்லலாம். அந்த வேகத்தில் அடித்தால் படகின் கண்ணாடி நொறுங்கும்.

மலையிலும் அப்படியே. எல்லைக் கோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது என்பது இந்தியாவும் சீனாவும் போட்ட 1996 ஒப்பந்தம். 2020 ஜூன் 15 இரவு லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் ஒருவரும் சுடவில்லை. கல்லாலும் ஆணி வைத்த தடியாலும் அடித்துக்கொண்டதில் 20 இந்தியப் படையினர் செத்தார்கள். தன் பக்கம் 4 பேர் என்று சீனா எட்டு மாதம் கழித்து ஒப்புக்கொண்டது. ரோந்து போவது பற்றி இரு தரப்பும் உடன்பட 2024 ஒக்டோபர் ஆனது. அதற்குள் தளபதிகள் இருபது சுற்றுக்குமேல் பேசியிருந்தார்கள், படையும் அங்கேயே நின்றது. இதில் எது இராஜதந்திரம், எது இராணுவம் என்று பிரித்துக் காட்டுங்கள் பார்ப்போம்.

பிரித்துக் காட்ட ஒருவர் கொழும்பில் இருக்கிறார். எதை எழுதினாலும் "சதுரங்கம்" என்றுதான் தலைப்பு வைப்பார். எங்கள் பகை பழையது. அவருடைய கட்டுரையில் இலங்கை எப்போதும் சிப்பாய், இந்தியா குதிரை, சீனா இராணி. 2022 ஓகஸ்டில் யுவான் வாங் 5 என்ற சீன ஆய்வுக் கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்தபோது அதை "யானை நகர்த்தல்" என்று எழுதினார். அவர் ஒருமுறை அம்பாறைப் பக்கம் வரவேண்டும். யானை எப்படி நகரும் என்று காட்டுகிறோம். கறுப்புக் கட்டம், வெள்ளைக் கட்டம் பார்க்காது; உங்கள் முறை, என் முறை என்று காத்திருக்காது; நெல் மூட்டை இருக்கும் அறையின் சுவரைத் தள்ளிவிட்டு நேராக உள்ளே வரும். வெடி கொளுத்திப் போட்டால் கொள்கையளவில் பின்வாங்கும்.

ஒன்றை விட்டுவிட்டேன். கொழும்பில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்தைச் சீனாதான் இனாமாகக் கட்டிக்கொடுத்தது, 1973இல் திறந்தார்கள். எனக்கு அந்த மண்டபத்தோடு வேறு கணக்கு. செப்டெம்பரில் புத்தகக் கண்காட்சி அங்கேதான் நடக்கும். உதயதேவி ரயிலில் பகலெல்லாம் புத்தகப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போய் இறங்கினால், தமிழ்க் கடைகளைத் தேடிக் கண்டுபிடிக்கவே தனியாக ஒரு தூதுக்குழு வேண்டும். இதைப் பற்றி யாராவது கேள்வி அனுப்புங்கள், முழுப் பக்கமும் ஒதுக்குகிறேன்.